இறக்கம் பார்த்து நிற்கும் ஓட்டோ

"ஒரு நிமிசம் மிஸ்" என்று சொல்லிவிட்டு அற்புதராஜ் ஓட்டோவைப் பெற்றோல் செட்டுக்குள் திருப்புகிறார். இன்று காலையில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை நான் ஏறுவதற்கு முன்னரே நடந்திருக்கிறது என்பதை, பம்படியில் நிற்கும் றஹீம் நானாவின் முகமே சொல்கிறது.

"என்ன ராஜி, ஆறரைக்கித்தானே அடிச்ச? இப்ப எங்க ஊத்துற, தலைலயா?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்தேன் நானா. கொஞ்சம் எறங்கியிருக்கும்."

"கொஞ்சமா? ஒரு சோடா மூடி வராது."

ஒரு சோடா மூடியளவுதான் போகிறது. பம்பில் இலக்கம் ஓடத் தொடங்கும்போதே நின்றுவிடுகிறது. அற்புதராஜ் இறங்கி, ஓட்டோவின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுகிறார். குனிந்து காதைக் கொடுத்துக் கேட்கிறார். பெற்றோல் தாங்கி குறைந்திருந்தால் உள்ளே தளும்பும். நிறைந்திருந்தால் சத்தம் வராது. சத்தம் வரவில்லை. முகம் சற்று இளகுகிறது. அந்த இளக்கத்துக்கு ஆயுள் ஒரு மணித்தியாலம்.

ஐம்பது வயது. மெலிந்த உடம்பு, நரைக்கத் தொடங்கிய மீசை, எதையோ மறந்துவிட்டு வந்தவரைப் போல அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்க்கும் கழுத்து. சட்டைப் பையில் எப்போதும் தாளில் சுற்றிய இரண்டு பிஸ்கட் இருக்கும். அவர் அதைச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சில நாள் மாலையில் என்னிடம் நீட்டுவார். "எடுங்க மிஸ், அப்பிடியே கொண்டுபோனா வீட்டுல ஏச்சு விழும்." ஓட்டோவின் முன்கண்ணாடிக்கு மேலே ஒரு மாதா படம். பக்கத்தில், அதே அளவில், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள்: இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தபோது கொடுத்த கியூஆர் சதுரம். அது இப்போது ஒன்றுக்கும் உதவாது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மாதாவைத் துடைக்கும் துணியாலேயே அதையும் துடைக்கிறார்.

ஓட்டோவை அவர் நிறுத்தும் விதமும் ஒரு தினுசு. எங்கே போனாலும் வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். தோட்டத்துப் பாதைகளில் இது பெரிய காரியமில்லை. பதுளை ஜில்லாவில் மேடும் பள்ளமும்தானே அதிகம். பட்டினத்தில் சமதரையான இடத்தில் நிறுத்த நேர்ந்தால்தான் வினை. இரண்டு முறை சுற்றுவார், மூன்று முறை சுற்றுவார், கடைசியில் நான் போகவேண்டிய இடத்துக்கு நூறு யார் தள்ளி ஒரு சரிவைக் கண்டுபிடித்து, "இங்கிட்டே எறங்கிக்கிங்க மிஸ், அங்க எடம் சரியில்ல" என்பார். மழை பெய்தால் நான் நனைந்துகொண்டு போகவேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய தினுசு ஒன்று உண்டு. பதுளையில் எங்கே நாலு பேர் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றாலும் ஐந்தாவது ஆள் அற்புதராஜ். முதலில் போய் நிற்பார். பிறகுதான் முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டு, "என்னாத்துக்குங்க லைனு?" என்று கேட்பார். சில நேரம் அதையும் கேட்கமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி முக்கால் மணி நேரம் நின்று மேசைக்கு முன்னால் போயிருக்கிறார். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சிங்களத்தில் "நாய் எங்கே?" என்றாராம். நாய்களுக்கு ஊசி போடும் வரிசை அது. முன்னாலும் பின்னாலும் அத்தனை நாய் நின்றதைக் காணவில்லையா என்று கேட்டேன்.

"பாத்தேன் மிஸ். எல்லாரும் நாயயும் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்கன்னு நெனச்சேன்."

இதைக் கேட்டு நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். இப்போது அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் நான் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர். பச்சையாகச் சொன்னால், மற்றவர்களுடைய மனக்கவலையை மூன்று பக்கப் படிவத்தில் எழுதுவது என் தொழில். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஏழு மாதம். ஏழு மாதமும் இவருடைய ஓட்டோவின் பின்சீட்டில் இருந்து, லுணுகலைக்கும் நமுனுகுலைக்கும் கவலைப்பட்டவர்களைத் தேடிப் போனேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். முன்சீட்டில் இருந்தவரை ஒரு நாளும் பார்க்கவில்லை.

அவரும் காட்டிக்கொள்கிற ஆளில்லை. எதையும் கதையாகச் சொல்லிச் சிரித்துவிடுவார். கடைவீதியால் போகும்போது ஒருநாள், "எம்பத்து மூணு கலவரத்துல நானும் அம்மாவும் இங்கதான் மாட்டிக்கிட்டோம் மிஸ். எனக்கு எட்டு வயசு. அன்னைக்கித்தான் மொதமொதலா லொறியில ஏறுனேன், பேக்கரிக்காரரோட லொறி. சாக்குக்கு அடியில ஒளிஞ்சி, பணிஸ் தின்னுக்கிட்டே வந்தேன்" என்றார். சுற்றுலா போய்வந்த பிள்ளை சொல்வதுபோலச் சொன்னார். நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன்.

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு செய்தி போன்களில் சுற்றியது. பெற்றோல் வராதாம், கப்பல் திரும்பிவிட்டதாம். அன்று பின்னேரமே செட்டுகளில் வரிசை வளர்ந்தது. மூன்றாம் நாள் அது வெறும் வதந்தி என்று தெரிந்து எல்லோரும் கலைந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஒருவரையொருவர் கேலியும் செய்துகொண்டார்கள். பட்டினம் மறந்துவிட்டது. மூன்று கிழமை கழித்துத்தான் அற்புதராஜ் என்னிடம் முதல்முறையாக ஓர் உதவி கேட்டார்.

"மிஸ், எங்கம்மாவ ஒருக்கா வந்து பாக்க ஏலுமா? மூள கலங்கிருச்சின்னு நெனக்கிறேன்."

"என்ன செய்யிறா?"

"வீட்டுக்குள்ள வரமாட்டேங்குது. ரெண்டு கெழமையா வாசல் இஸ்தோப்புலதான் படுக்க. செருப்பக் காலுல போட்டுக்கிட்டே தூங்குது மிஸ். எழுபத்தாறு வயசு. பனி கொட்டுது. நெஞ்சுல சளி கட்டிருச்சி. தோட்டத்து டாக்டரு, இன்னும் வெளிய படுத்தா நிமோனியா ஆகிரும்னு சொல்லிட்டாரு."

"ஏன் உள்ளுக்கு வரமாட்டாவாம்?"

அற்புதராஜ் கழுத்தைத் திருப்பிப் பின்பாதையைப் பார்த்தார். "என்னமோ வாடை அடிக்கிதாம். ஒன்னும் இல்லீங்க. மனப்பிராந்தி."

சனிக்கிழமை போனோம். ஸ்பிரிங்வெளிப் பாதை ஏறிக்கொண்டே போய், தேயிலைக்கு நடுவில் ஒரு திருப்பத்தில் லயத்தைக் காட்டும். ஒரே கூரை, பன்னிரண்டு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஓராள் படுக்கக்கூடிய அகலத்தில் ஓர் இஸ்தோப்பு. ஓட்டோவை வழக்கம்போலச் சுற்றித் திருப்பி, மூக்கைப் பட்டினத்தின் பக்கம் வைத்து நிறுத்தினார். ஓடப்போகிறவனைப் போல் அது நின்றது.

பக்கத்து வீட்டு இஸ்தோப்பில் கதிரை போட்டு ஒரு பெரியவர் இருந்தார். இடக்கை மடியில் துணிப்பொட்டலம் மாதிரிக் கிடந்தது. வலக்கையைத் தூக்கி என்னை வரவேற்றார்.

"வாங்க மிஸ். நான் தம்பையா. பெட்ரோல் இல்லாத ஓட்டோவுல பதுள வரைக்கும் போன ஒரே ஆளு இந்தத் தோட்டத்துலயே நான்தான்."

"மாமா, சும்மா இருங்க" என்றார் அற்புதராஜ்.

தம்பையா சும்மா இருக்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணினாலும் சொற்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிச் சொன்னார். இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆனி மாதம், ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் விழுந்துவிட்டார். பாரிசவாதம். லயத்தில் இருந்த ஒரே வாகனம் அற்புதராஜின் ஓட்டோ. அது பத்து நாளாக ஒரு சொட்டும் இல்லாமல் முற்றத்தில் கிடந்தது. தொலைபேசியில் கேட்ட இடமெல்லாம் இல்லை என்ற பதில்தான். அப்போது அற்புதராஜ் ஒரு காரியம் செய்தார். தம்பையாவைப் பின்சீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் இருத்தி, வண்டியை இறக்கத்தில் விட்டுவிட்டார். எஞ்சின் இல்லை, வெறும் பிரேக்கும் ஹாண்டிலும்தான். இறக்கத்தில் ஓடியது. மேடு வந்த இடங்களில் இறங்கித் தள்ளினார்கள். பட்டினத்துக்குக் கிட்டச் சமதரை வந்ததும் ஆஸ்பத்திரி வரைக்கும் அவரே தள்ளிக்கொண்டு போனார்.

"உசிரு தப்பிருச்சி. கையிதான் போச்சி" என்றார் தம்பையா. "ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டாந்திருந்தா கையயும் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரு சொன்னாராம். அதச் சொல்லியிருக்கத் தேவையில்ல. இந்தப் பைத்தியக்காரன் அதையே புடிச்சிக்கிட்டு நிக்கிறான். எனக்கு எழுபது வயசு, ஒரு கையி போதும் மிஸ். சோறு திங்கிற கையி நல்லாத்தானே இருக்கு?"

அற்புதராஜ் ஓட்டோவின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். காலையில் இருந்து அது நாலாவது தடவை. அந்தத் தடவைதான் எனக்கு உறைத்தது.

அவருடைய அம்மா செபஸ்தியம்மா இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தார். சிறிய உருவம். இருமினால் முழு உடம்பும் சேர்ந்து இருமுகிறது. காலில் கறுப்பு இறப்பர்ச் செருப்பு. ஐந்து நிமிடம் பேசியதுமே தெரிந்துவிட்டது, என்னைவிடத் தெளிவாக இருக்கிறார். இன்று என்ன திகதி, எந்த மலையில் கொழுந்து எடுக்கிறார்கள், என் சேலைக்கரை எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது, எல்லாம் சொன்னார்.

"அப்ப ஏனம்மா உள்ளுக்குப் போறேல்லை?"

"வீட்டுக்குள்ள பெட்ரோல் வாடை அடிக்கிது மிஸ்."

"அடிக்கல மிஸ்" என்றார் மகன். "மூடி எறுக்கமாத்தான் இருக்கு."

என்ன மூடி என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. வாசலில் ஒரு கால் வைத்ததும் என் மூக்கிலும் ஏறியது. அற்புதராஜின் மகள் நிஷாலினி, பன்னிரண்டு வயது, பாயில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தவள், துள்ளி எழுந்து கட்டிலின் தொங்கல் துணியை விலக்கிக் காட்டினாள். சாக்கும் பொலித்தீனும் சுற்றி மூன்று கேன்கள். கேனில் பெற்றோல் அடித்துக் கொடுப்பதில்லை என்பதால், தினமும் தாங்கியை நிரப்பி, வீட்டுக்கு வந்து குழாய் விட்டு உறிஞ்சி, கேனில் விட்டு, மறுநாள் காலை மறுபடி நிரப்பியிருக்கிறார். றஹீம் நானா ஊற்றிய சோடா மூடிகளுக்கு அப்பால் விடியற்காலையில் அடித்த லீட்டர்கள் இங்கே வந்து படுத்திருந்தன. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் விறகடுப்பு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். இந்தப் பூனை அடுப்பைக் கட்டிலுக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "அண்ணை, பன்னிரண்டு குடும்பம் ஒரு கூரைக்குக் கீழ இருக்கு. எல்லாத்தையும் எரிக்க ஒரு நெருப்புக் குச்சி காணுமே!"

"தெரியும் மிஸ்."

"தெரிஞ்சுகொண்டோ வைச்சிருக்கிறியள்?"

"இது இல்லாட்டி எனக்குக் கண்ணு மூட முடியல மிஸ். கைய விட்டுக் கேனத் தொட்டுப் பாத்தாத்தான் தூக்கமே வருது."

வெளியே செபஸ்தியம்மா இருமினார். அவருக்கு அதே கேனால்தான் தூக்கம் போனது. படிவம் என் கைப்பையில் இருந்தது. அதில் சிறுவர், வளர்ந்தோர், முதியோர் என்று மூன்று கட்டங்கள். ஒரு பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் மூன்று கட்டத்துக்கும் ஆள் இருந்தும் எதில் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா சொல்லத் தொடங்கினார். வாசலுக்கு வெளியே இருந்துகொண்டு, உள்ளே பாராமல்.

"இவனுக்கு ஸ்கூலுக்குச் சப்பாத்து வாங்கத்தான் மிஸ் அன்னைக்கி டவுனுக்குப் போனது. எம்பத்து மூணு ஆடி மாசம். திடீருன்னு சனம் ஓடுது. பேக்கரி வச்சிருந்த சிங்கள ஐயா ஒருத்தரு எங்கள உள்ள இழுத்து மா மூட்டைக்குப் பின்னாடி ஒளிய வச்சாரு. அடுத்தது நம்ம ஆளுங்க கட. தீ வக்கிறதுக்கு முந்தி ஊத்துறாங்கல்ல, அந்த வாடை மொதல்ல வருது. செவுத்தால வருது மிஸ். தீ பெறகுதான். வாடை வந்து தீ வரவரைக்கும் இருக்கிற நேரம் இருக்கே…" கம்பளியை இழுத்துக்கொண்டார்.

எனக்கும் எட்டு வயதில், தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது, யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த ஒரு நடை உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த நிஷாலினிக்கும் ஒரு கதை இருந்தது. "மிஸ், பெட்ரோல் லைன்ல நாங்களும் நின்னோமே! தம்பையா தாத்தாவ ஆஸ்பத்திரியில விட்டுட்டு அப்பா அப்பிடியே போயி லைன்ல ஓட்டோவப் போட்டுட்டாங்க. ஸ்கூலும் இல்ல, நானும் போயிட்டேன். மூணு நாளு! செம ஜாலி மிஸ். ஓட்டோக்குள்ளயே படுக்க. பின்னாடி வேன்ல நப்லான்னு ஒரு புள்ள. ரெண்டு பேரும் அஞ்சாங்கல்லு வெளாடுனோம். அவங்க வீட்டுல இருந்து பெரிய சட்டியில சோறு வந்திச்சி. ரெண்டாவது நாளு அப்பா மயங்கி விழுந்துட்டாங்க, சாப்புடாம. அப்பறம் எந்திரிச்சிட்டாங்க. அதுக்குத்தான் நான் தெனம் பிஸ்கட் வக்கிறது. மறுபடியும் லைன் வந்தா நானும்…"

"வாய மூடு!"

அற்புதராஜ் கத்தி நான் கேட்டதில்லை. லயத்தில் வேறு வீடுகளின் கதவு திறந்தது.

"ஜாலியா? ஜாலியாடி இருந்திச்சி ஒனக்கு? அங்க நான் செத்துக்கிட்டிருந்தேன். அந்த மனுசன் கையி போயிருச்சின்னு அப்பத்தான் வந்து சொல்றாங்க. நீ அஞ்சாங்கல்லு வெளாடுன!"

பிள்ளை சுவரோடு ஒண்டிக்கொண்டாள். பென்சில் கையிலிருந்து விழுந்து கட்டிலுக்குக் கீழே உருண்டது.

"ஏன்டா அவள ஏசுற?" வெளியே இருந்து செபஸ்தியம்மாவின் குரல் வந்தது. இருமல் இல்லை. "நீ மட்டும்? அந்த லொறியில நீ சிரிச்சிக்கிட்டுத்தானே வந்த? சாக்குக்கு அடியில ஒன் வாயப் பொத்திக்கிட்டு நான் மாதாவக் கூப்பிடுறேன், நீ வெரலுக்கு எடையால பணிஸ் திங்கிற. இன்னொருக்கா லொறியில போவமான்னு வீட்டுக்கு வந்து கேட்ட. நான் ஒன்ன ஏசினேனா?"

அற்புதராஜ் அசையவில்லை. எந்நேரமும் எதையாவது தொட்டு ஆட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கைகள் இரண்டும் சும்மா தொங்கின.

"நாப்பது வருசமா அந்தக் கதைய நீ ஊரு பூரா சிரிச்சிச் சொல்ற. நான் ஒன்னும் சொல்லல. புள்ள சிரிக்கட்டும்னு விட்டுட்டேன். இப்ப கேக்குறேன். அத வெளிய எடு."

"எடுத்துட்டா…" அவர் கட்டிலுக்குக் கீழே பார்த்தார். "நாளைக்கி ஒனக்கு மாமாவுக்கு வந்த மாதிரி வந்தா, நான் எதுலம்மா கொண்டு போவேன்?"

"எனக்கு வந்தாவா? இஸ்தோப்புல கெடந்து எனக்கு வந்துக்கிட்டுத்தான்டா இருக்கு."

பக்கத்து வீட்டில் தம்பையா ஒரு கனைப்புக் கனைத்தார். அவ்வளவுதான். அற்புதராஜ் முழங்காலில் குனிந்து, முதலில் பென்சிலை எடுத்து மகளிடம் கொடுத்தார். பிறகு கேன்களை ஒவ்வொன்றாக இழுத்தார்.

ஆனால் ஊற்றுவதற்கு இடமில்லை. அவர் வண்டியின் தாங்கிதான் எப்போதும் நிறைந்திருக்குமே! தேயிலைக்குள் கொட்டவும் மனம் வரவில்லை. பெற்றோலைக் கீழே கொட்டுவது அவருக்குச் சோற்றைக் கொட்டுவதுபோல. கடைசியில் மூன்று கேனும் பின்சீட்டில் என் காலடியில் வந்தன. பதுளை வரை சிகரெட் பிடிக்கிற எவனும் கைகாட்டி மறித்துவிடக்கூடாது என்று நான் நல்லூர் முருகனை வேண்டிக்கொண்டு இருந்தேன். அவர் மாதாவிடம் பொறுப்பை விட்டிருந்தார். வழியில் நாலு செட் வந்தது, ஒன்றுக்குள்ளும் திருப்பவில்லை. ஒவ்வொன்றையும் தாண்டும்போது மட்டும் கழுத்து திரும்பியது.

ஓட்டோக்கள் நிறுத்துமிடத்தில் விசயத்தைச் சொன்னதும் கூட்டம் கூடிவிட்டது. இலவசமாகப் பெற்றோல் கிடைத்தால் யார் விடுவார்கள்? பவாஸ் என்ற இளைஞர் முதலில் வண்டியைக் கொண்டுவந்து போட்டார், பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரிசை. அற்புதராஜ் வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசையின் மறுமுனையில் நின்றார். புனல் வைத்து ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினார். ஊற்றிவிட்டு ஒவ்வொரு ஓட்டோவையும் பிடித்து ஆட்டி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மூன்றாவது கேனில் கை நின்றுவிட்டது. மூடியைத் திறக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"மிஸ், இது ஒன்ன மட்டும்…"

என் படிப்புக்கும் பதவிக்கும் ஏற்ற பதில் ஒன்று இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், "சரி, வைச்சிருங்கோ" என்பதுதான் என் நாக்கு நுனியில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். அதை விழுங்கிக்கொண்டேன். பிறகு வரிசையில் நின்றவர் ஹோர்ன் அடிக்க, மூடியைத் திருகினார்.

திரும்ப மேலே ஏறினோம். "நீங்க சொன்னாத்தான் மிஸ் அம்மா நம்பும்" என்று என்னையும் விடாமல் கூட்டிப்போனார். வழியெல்லாம் விரல்கள் ஹாண்டிலில் தாளம் போட்டுக்கொண்டே வந்தன. லயத்துக்கு வந்ததும் நேரே பீலிக்குப் போய்க் கைகழுவினார். மலைத்தண்ணீர் பனிக்கட்டி மாதிரி விழுகிற இடம் அது. சவர்க்காரம் போட்டு, தேசிக்காய்த் தோலால் தேய்த்து, உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். மறுபடி கழுவினார். மறுபடி முகர்ந்தார்.

"எல்லாம் ஊத்திக் குடுத்தாச்சு அம்மா, நான் கண்ணாலை பாத்தனான்" என்று செபஸ்தியம்மாவிடம் நான் சான்று சொன்னேன். அவர் என் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. மகனைப் பார்த்துக் கையை நீட்டினார். ஐம்பது வயது மனிதர் குனிந்து இரண்டு கையையும் கொடுத்தார். பீடி குடித்துவிட்டு வந்த பையனைச் சோதிப்பதுபோல, வலக்கையை முகர்ந்தார். இடக்கையை முகர்ந்தார்.

"நெகத்துல இருக்கு."

அற்புதராஜ் திரும்பிப் பீலிக்குப் போனார். நகத்துக்குள் பழைய பல் துலக்கியால் தேய்த்தார். வந்தார். அம்மா மறுபடி முகர்ந்து பார்த்தார். அந்தக் கையையே பிடித்துக்கொண்டு எழுந்தார். நிஷாலினி கட்டிலின் தொங்கலைத் தூக்கி, கீழே வெறும் சீமெந்துதான் என்று காட்டினாள். அவள் ஏற்கெனவே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி வைத்திருந்தாள். வாசற்படியில் செபஸ்தியம்மா சற்று நின்றார். பிறகு இரண்டு கிழமையாகக் கழற்றாத செருப்பை ஒவ்வொரு காலாக உதறிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார்.

உதறிய செருப்பு ஒன்று கவிழ்ந்தும் மற்றது வீட்டைப் பார்த்தும் கிடந்தது. அற்புதராஜ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, கவிழ்ந்ததை நிமிர்த்தி, இரண்டையும் சோடியாகச் சேர்த்து, மூக்கு இறக்கத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.